பிழைத்தவர் எழுதும் இரவு

தப்பிப் பிழைத்த ஒருவர் தன் கதையை எழுதும்போது முதல் பக்கத்திலேயே ஒரு ரகசியம் உடைந்துவிடுகிறது: ஆள் சாகவில்லை. செத்திருந்தால் புத்தகம் ஏது? சல்மான் ருஷ்டி அதை மறைக்கவே முயலவில்லை. 2022 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் சட்டாக்குவாவில் ஒருவன் கத்தியோடு மேடையேறித் தன்மேல் பாய்ந்ததை ‘நைஃப்’ நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அப்புறமும் விடாமல் படிக்கிறோம். பிழைப்பாரா, மாட்டாரா என்பதைவிடப் பெரிய கேள்வி ஏதோ ஒன்று நம்மை இழுத்துக்கொண்டு போகிறது.

அது என்னவென்று பார்க்க மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ போதும். கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் அவர். 1983இல் குண்டூரில் இருந்தபோது போலீஸ் பிடித்துப்போய், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி 13 நாள் அடைத்துவைத்து அடித்தது. அந்த அனுபவம் 2006இல் புத்தகமாக வந்தது. அதிலிருந்து இயக்குநர் வெற்றிமாறன் ‘விசாரணை’ படத்தை எடுத்தார். படம் பார்த்தவர்கள் அடியைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அடிக்கும் அடிக்கும் நடுவில் கிடக்கும் நேரம்தான் பயமாக இருந்தது. அடுத்து யாரைக் கூப்பிடுவார்கள்? ஒப்புக்கொண்டால் விடுவார்களா, இன்னும் கொஞ்சம் கேட்பார்களா? அடி விழும்போது வலிதான் இருக்கிறது. பயம் அதற்கு முன்னும் பின்னும் உட்கார்ந்திருக்கிறது. இது தெரிந்தவர் வரிக்கு வரி ‘வெலவெலத்துப் போனேன்’ என்று எழுத மாட்டார்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளும் பழைய வீடு. பிள்ளைகள் ஒருத்தர் சென்னை, ஒருத்தர் துபாய். வீட்டில் வயதான தம்பதி மட்டும். குறுவைக்கு நாற்று விட்டிருக்கும் சமயம். ஒரு ராத்திரி திருடர்கள் புகுந்து, இருவரையும் கட்டிப்போட்டுவிட்டு நகையோடு போய்விட்டார்கள். அந்த அம்மாள் இதை எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்க வேண்டும்?

‘கும்மிருட்டு, நாய் ஊளையிட்டது’ என்றால் அது சினிமா. டெல்டாவின் ராத்திரி எங்கே அமைதியாக இருக்கிறது? தவளை கத்தும். மும்முனை மின்சாரம் வந்துவிட்டால் வயலில் பம்புசெட் ஓடிக்கொண்டே இருக்கும். காது பழகிப்போய் அந்தச் சத்தம் இருப்பதே தெரியாது. அம்மாளுக்கு விழிப்பு வந்தது மின்விசிறி நின்றதால். கரண்ட் போய்விட்டது என்று புரண்டு படுக்கிறார். கையால் துழாவி விசிறி மட்டையை எடுக்கிறார். கணவரை எழுப்பலாமா? வேண்டாம், பகலெல்லாம் வெயிலில் நின்ற மனுஷர். நாலு தடவை விசிறிய பிறகுதான் காதில் விழுகிறது, பம்புசெட் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரில் கரண்ட் இருக்கிறது. வீட்டின் மீட்டர் பெட்டியும் ஃபியூஸும் வாசல் திண்ணைச் சுவரில் இருக்கின்றன.

இதற்கு மேல் அவர் பயந்ததாக ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம். வந்தவர்கள் எத்தனை பேர், எந்த ஊர், பிடிபட்டார்களா என்பதெல்லாம் பிற்பாடு எஃப்.ஐ.ஆரிலும் பேப்பரிலும் தெரிந்துகொண்டது. விசிறி மட்டையைத் துழாவிய கைக்கு அது எதுவும் தெரியாது. அந்தக் கைக்குத் தெரிந்ததை மட்டும், தெரிந்த வரிசையிலேயே சொன்னால் போதும். அதற்காக எல்லாம் இறுக்கமாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. 1997இல் வீரப்பன் கடத்திக்கொண்டு போன காட்டுயிர்ப் புகைப்படக்காரர்கள் கிருபாகரும் சேனானியும் காட்டில் கழித்த 14 நாட்களை எழுதினார்கள். அதில் சிரிப்புக்குக் குறைவில்லை.

அன்று தெரிந்ததையும் பின்னால் நம்பியதையும் கலந்துவிட்டால் நடை மட்டும் கெடுவதில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஆலிஸ் சீபோல்ட் மாணவியாக இருந்தபோது, 1981இல், வன்புணர்வுக்கு ஆளானார். அதைப் பற்றிய ‘லக்கி’ 1999இல் வெளிவந்தது. பயத்தை இவ்வளவு நேராகச் சொன்ன நூல்கள் குறைவு. ஆனால் அந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஆந்தனி பிராட்வாட்டர் 16 ஆண்டு சிறையில் இருந்தவர். 2021இல் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அடையாள அணிவகுப்பில் சீபோல்ட் முதலில் கைகாட்டியது வேறு ஒருவரை. அந்தச் சம்பவமும் அதே நூலிலேயே இருக்கிறது! அவர் பட்ட பயத்தில் பொய் இல்லை. முகத்தைப் பற்றிய நிச்சயத்தைத்தான் மற்றவர்களும் சேர்ந்து கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் பிழைத்தவர்களே எழுத வேண்டிய இரவு ஒன்று உண்டு. மன்னார்குடியிலிருந்து திருவாரூர் தாண்டிக் கிழக்கே போனால் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல்லைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேரை ராமையா என்பவரின் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இந்திரா பார்த்தசாரதி இதை வைத்து ‘குருதிப்புனல்’ நாவலை எழுதினார், அதற்கு 1977இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். மைதிலி சிவராமன் நேரில் போய்ப் பார்த்து எழுதினார். பாரதி கிருஷ்ணகுமார் ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படத்தில், தப்பியவர்களைப் பேச வைத்தார். எழுதியவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள்.

அந்த ஊர்க்காரர் ஒருவர் எழுதினால் முதல் பக்கத்தில் தீ வருமென்று எனக்குத் தோன்றவில்லை. படியளக்கும் களத்தில் தொடங்கலாம். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்ததற்கு வந்த மிரட்டல், சங்கக் கொடியை இறக்கச் சொன்ன குரல், வெளியூர் ஆட்களை வைத்து நடந்த அறுப்பு என்று பயம் மெல்ல ஏறும். தீ நடுவில் வரும். மீதிப் பாதி முழுக்க வழக்கு: 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் பண்ணையார்கள் சிலருக்குச் சிறைத் தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நிலபுலமும் வசதியும் உள்ளவர்கள் தாங்களே நேரில் நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது என்றது தீர்ப்பு. சாட்சி சொன்னவர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. அடுத்த நடவுக்குக் கூலி கேட்க எந்தப் பண்ணை வாசலில் போய் நிற்பது என்பது அவர்களுக்கு அன்றைய கேள்வி.