கவனக்குறைவு என்னும் சொல்லும் தொழிலிடத்து விபத்தும்

விபத்தொன்று நிகழ்ந்தவுடன் அதற்குக் காரணங் கூறும் பணி மூன்று சொற்களுள் அடங்கிவிடுகின்றது. மரணவீட்டுக்கு வந்தோர் 'விதி' என்பர்; வேலை கொடுத்தவர் 'கவனக்குறைவு' என்பர்; பத்திரிகை 'பரிதாபம்' என்று தலைப்பிடும். இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் ஆராய்ச்சிக்கு உரியன அல்ல. இரண்டாவதோ, ஆராய்ச்சியின் முடிபு போலத் தோன்றி, ஆராய்ச்சி தொடங்கு முன்னரே அதனை முடித்துவிடுவது. அச்சொல்லின் பொருள் யாது, அஃது எவ்வளவு தூரம் உண்மை என்பன சிறிது நோக்கத்தக்கன.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறாவூரை நோக்கிச் செல்லும் திருகோணமலை வீதியில், வாவியை அடுத்து அமைந்த ஊர் தன்னாமுனை. தொழிலிடத்து விபத்து என்றவுடன் புகைபோக்கியும் சங்கொலியும் உடைய பெருந்தொழிற்சாலையே மனக்கண்ணில் எழும். இப்பகுதியில் அவ்வாறு சொல்லத்தக்கது 1950களில் எழுந்த வாழைச்சேனைக் கடதாசி ஆலை ஒன்றே. அதுவும் தன்னாமுனைக்கு அண்மையில் உள்ளதன்று. வாவிக்கரை ஊர்களில் தொழிலிடம் என்பது வீட்டுக்கும் வீதிக்கும் இடையே பரந்து கிடப்பது. தோணியும் வலையும், வயலும் நெல் ஆலையும், தச்சுப் பட்டடையும், இரும்பொட்டும் கடையும், பக்கத்து வளவின் கிணறுமே இங்குத் தொழிலிடங்கள். ஆதலின் ஈண்டு நிகழும் விபத்துக்கள் எந்தப் பதிவேட்டிலும் தொழில் விபத்து என்ற பெயரைப் பெறாது, சாவு என்ற பெயரை மாத்திரம் பெற்றுக் கழிகின்றன.

நெல் ஆலையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பழைய அமைப்பினையுடைய ஆலையில் இயந்திரத்தின் கப்பியையும் உமி நீக்கும் பொறியின் கப்பியையும் நீண்ட பட்டியொன்று இணைக்கும். பட்டி ஓடும்பொழுது அசைவே இல்லாதது போலத் தோன்றும். விபத்துக்கு முதற் காரணம் அத்தோற்றமே. கப்பி 30 சென்ரிமீற்றர் விட்டமுடையதாய் நிமிடத்துக்கு 1000 முறை சுழல்வதாகக் கொண்டால், பட்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 16 மீற்றர் ஓடுகின்றது. ஆபத்தைக் கண்ட கண்ணுக்கும் பின்வாங்கும் கைக்கும் இடையே, விழிப்பான ஒருவரிடத்தும், கால் செக்கன் வரை செல்லும். அதற்குள் பட்டி நான்கு மீற்றர் போய்விடும். சேலைத் தலைப்போ சாரத்தின் ஓரமோ அவிழ்ந்த கூந்தலோ பட்டியும் கப்பியும் கூடும் இடத்தில் அகப்பட்டால், அகப்பட்டவர் அறியுமுன்னரே நிகழவேண்டியது நிகழ்ந்துவிடும். இக்கணக்கை நோக்குங்கால், 'கவனமாக இருந்திருக்கலாமே' என்னும் கூற்று எவ்வளவு பொருளற்றது என்பது புலனாகும். கவனத்தினும் விரைவாக ஓடும் பொருளுக்குக் கவனம் வேலியாகாது. கம்பி வலையாற் செய்த மறைப்பே வேலியாகும். இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பொறிகளின் இயங்கும் பகுதிகளுக்கு மறைப்பு வேண்டும் என்று விதித்தது இக்காரணம் பற்றியே. ஆயினும் பட்டி நழுவும்போதெல்லாம் மறைப்பைக் கழற்றிப் பூட்டுதல் வேலையை மந்தப்படுத்துவதால், ஒருநாள் கழற்றிய மறைப்பு சுவரோரத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு. கழற்றியவர் சோம்பேறியல்லர், வரிசையில் நிற்கும் நெல் மூட்டைகளுக்கு விடை சொல்ல வேண்டியவர்.

இங்ஙனம் அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்கும் பழக்கம் நூறுமுறை கேடின்றி நிறைவேறும். அந்நூறு முறையும் அது திறமை எனப்படும். நூற்றோராவது முறைதான் கவனக்குறைவு எனப்படும். செயல் ஒன்றே, பெயர்தான் வேறு. அமெரிக்கக் காப்புறுதி நிறுவனமொன்றிற் பணியாற்றிய ஹைன்றிக் என்பார் 1931இல் வெளியிட்ட நூலில், தொழில் விபத்துக்களுள் நூற்றுக்கு 88 தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயல்களால் விளைவன என்று எழுதினார். இவ்வெண் பல்லாண்டுகள் வேதவாக்கெனப் போற்றப்பட்டது. பிற்காலத்தார் அதனை ஐயுற்றனர். அவர் அடிப்படையாகக் கொண்ட அறிக்கைகள் பெரும்பாலும் மேற்பார்வையாளரால் விபத்தின் பின்னர் எழுதப்பட்டவை. தம் ஆலையின் பொறியைக் குற்றஞ் சாட்டுவதினும் கையிழந்தவனைக் குற்றஞ் சாட்டுதல் எழுதுவோர்க்கு எளிதன்றோ!

பட்டடைகளில் கண்ணாடியின்றி இரும்பு ஒட்டுதலும், குளிர்பானப் போத்தலில் பூச்சிமருந்தை ஊற்றி அடுப்படியில் வைத்தலும், இடிமுழக்கத்தின்போது வெட்டவெளியான வாவியில் வலை வீசி நிற்றலும் யாவரும் அறிந்தவை. அவற்றை விரிக்க வேண்டுவதில்லை. விரித்துக் கூறவேண்டுவது கிணறு. அஃது எவர்க்கும் தொழிலிடமாகத் தோன்றாமையே அதற்குக் காரணம்.

வடகீழ்ப் பருவக்காற்று மழை ஓய்ந்தபின், வெள்ளம் புகுந்த கிணறுகளை இறைத்துச் சேறகற்றுதல் கிழக்கிலங்கையில் வழக்கம். 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபின், உவர்நீர் புகுந்த கிணறுகள் கரையெங்கும் இயந்திரங்களால் இறைக்கப்பட்டன. (அளவிறந்து இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலேறும் என நீரியலாளர் பின்னர் எச்சரித்தமை தனிக்கதை.) துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் கிணற்றில் இறங்கியவர்க்கு வழுக்கலும் இடிந்து விழுதலுமே அச்சம். பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் சிறு நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் புதியதோர் அச்சம் வந்தது. அது கண்ணுக்கும் மூக்குக்கும் புலப்படாதது.

அவ்வியந்திரத்தை ஏன் கிணற்றுக்குள் இறக்குகின்றனர்? இதற்குப் பௌதிகவியலில் விடையுண்டு. இயந்திரம் நீரை மேலே இழுப்பதில்லை. குழாயினுள் காற்றை அகற்றுகின்றது, வெளியே உள்ள வளிமண்டல அழுக்கமே நீரை மேலே தள்ளுகின்றது. அவ்வழுக்கம் 76 சென்ரிமீற்றர் இரசத்தையே தாங்கும் என்பதை இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி 1640களில் காட்டினார். நீராயின் அது 10 மீற்றருக்குச் சற்று மேற்படும். குழாயின் இழப்பும் இணைப்புக்களிற் கசியும் காற்றும் சேர, நடைமுறையில் ஏழு மீற்றருக்கு மேல் நீர் ஏறுவது அரிது. ஆகவே ஆழக் கிணறுடையோர் இயந்திரத்தையே நீரருகே இறக்கலாயினர். வாவிக்கரை மணற்பாங்கில் கிணறுகள் ஆழமற்றவை. ஈண்டு இயந்திரத்தை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆயினும் குழாயின் நீளம் போதாமையாலோ, இணைப்பிற் காற்றுப் புகுந்து நீர் பிடியாமையாலோ, கிணற்றினுள் ஒரு பலகையிட்டு அதன்மேல் இயந்திரத்தை வைத்துவிடுதல் எளிதாகத் தோன்றுகின்றது. மூன்று மீற்றர்க் குழாய் வாங்கும் செலவு மிச்சம்.

எரிபொருள் முற்றாக எரியாதபோது காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டாகின்றது. நிறமில்லை; மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதினும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் இதனைப் பற்றிக்கொள்ளும். மூச்சு நடந்துகொண்டிருக்கவே உடல் மூச்சுத் திணறும். சிறு கணக்கொன்று இதனைத் தெளிவாக்கும். கிணறு இரண்டு மீற்றர் விட்டமும் நீர்மட்டத்துக்கு மேல் நான்கு மீற்றர் வெற்றிடமும் உடையதாயின், அதனுள் அடங்கும் காற்று பன்னிரண்டரைக் கன மீற்றர். தோளிற் சுமக்கத்தக்க இயந்திரமொன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ கால் கன மீற்றர் புகை விடும். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு இவ்வாயுவாக இருத்தல் இயல்பு. புகை வெளியேறாது தங்கினால் பத்து நிமிடத்தில் கிணற்றுக் காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு நஞ்சாகும். அவ்வளவுக்குச் சற்று மேற்படின் இரண்டு மூன்று மூச்சிலேயே உணர்வு அழியும். தலையிடி, மயக்கம் முதலிய அறிகுறிகளைக் கண்டு ஏறிவரலாம் என்று எண்ணுவோர், அவ்வறிகுறிகள் குறைந்த அளவு நஞ்சுக்கே உரியவை என்பதை அறியார். கால்களே முதலில் வலுவிழத்தலால், ஏணியைக் கண்முன் கண்டும் ஏற இயலாது போவோர் உளர்.

முன்னோர் கிணற்றில் இறங்குமுன் விளக்கொன்றைக் கயிற்றிற் கட்டி இறக்கிப் பார்த்தனர். சில இடங்களில் இலைக்கொத்தைக் கட்டி மேலுங் கீழும் அசைத்தனர். இவை மூடவழக்கங்கள் அல்ல. அழுகிய பொருள்களிலிருந்து எழும் காபனீரொட்சைட்டு காற்றினும் கனமானது. கிணற்றின் அடியிற் படிந்து ஒட்சிசனை விலக்கும். அங்கு விளக்கு அணையும். இலைக்கொத்து காற்றைக் கலக்கும். ஆனால் இயந்திரப் புகை நிறைந்த கிணற்றில், மனிதனைக் கொல்லும் அளவிலும் விளக்கு அணையாது எரிந்துகொண்டே இருக்கும். பழைய சோதனை பழைய ஆபத்துக்கு மெய். புதிய ஆபத்துக்குப் பொய்ச்சாட்சி. பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் இவ்வுண்மையைக் கண்டவர் ஹால்டேன் என்னும் உடலியலாளர். வெடிவிபத்துக்களில் இறந்தோருட் பெரும்பாலார் தீயினாலன்றி இவ்வாயுவினாலேயே இறந்தனர் என்று 1896இல் அவர் அறிக்கை விடுத்தார். விளக்குக்குப் பதிலாகக் கூண்டுப் பறவையைக் கொண்டுசெல்லும் வழக்கம் அவர் கூறியதே. 1986 வரை அது நீடித்தது. நமது கிணறுகளுக்குப் பறவையும் வந்ததில்லை, வாயுமானியும் வந்ததில்லை.

கிணற்று விபத்தில் கவனக்குறைவு என்ற சொல் முற்றாகத் தோற்குமிடம் இனிமேல்தான் வருகின்றது. முதல்வர் வீழ்ந்ததைக் கண்டு இரண்டாமவர் இறங்குகின்றார். அவரைத் தேடி மூன்றாமவர் இறங்குகின்றார். இவர்கள் தமையனும் தம்பியுமாகவோ, தந்தையும் மகனுமாகவோ, அயல் வீட்டாராகவோ இருப்பர். 2018 ஏப்பிரிலில் இலங்கையின் ஹொரணைப் பகுதி இறப்பர் ஆலையொன்றில் தொழிலாளி ஒருவர் அமோனியாத் தாங்கியுள் வீழ்ந்தார். மீட்கச் சென்றோரும் வீழ, ஐவர் உயிரிழந்தனர். அடைபட்ட இடங்களில் இறப்போருள் நூற்றுக்கு அறுபதின்மருக்கு மேற்பட்டோர் மீட்கச் சென்றவர்களே என்று அமெரிக்க அரசின் தொழிற்சுகாதார நிறுவனம் 1986இல் எச்சரித்தது. 2012 செப்டெம்பரில் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்திலும், முதல் வெடிக்குப் பின் உதவவும் பார்க்கவும் ஓடிவந்தோர் பலர் இறந்தனர். இவர்களுள் எவரைக் கவனக்குறைவுடையார் என்பது? அன்பும் துணிவும் உடையார் என்பதே பொருந்தும். அன்பும் துணிவும் உயிரைப் பறிக்கும் இடத்தில் அறிவுரை கூறிப் பயனில்லை. முன்னரே செய்துவைத்த ஏற்பாடு ஒன்றே பயன்படும்.

அவ்வேற்பாடு அரியதன்று. பிரித்தானியாவின் 1961ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நச்சுப்புகை உள்ள இடத்துட் புகுவோர் இடுப்பிற் கயிறு பூட்டியிருத்தல் வேண்டும், அதன் மறுமுனையை வெளியே நின்று இழுக்க வல்ல ஒருவர் பிடித்திருத்தல் வேண்டும் என விதித்தது. 1997இல் அவ்விடத்துக்கு வேறு விதிகள் வந்தபோதும் கருத்து மாறவில்லை. கயிறு இறங்குமுன் கட்டப்படல் வேண்டும் என்பதே இதன் நுட்பம். வீழ்ந்தபின் கட்டுவதற்கு ஒருவர் இறங்கவேண்டும், அவ்வொருவரே இரண்டாமவர். இயந்திரம் எப்பொழுதும் கிணற்றுக்கு வெளியே, காற்றுக்குக் கீழ்ப்புறத்தில் நிற்றல் வேண்டும். உள்ளே ஓடியிருப்பின், நிறுத்திய பின்னரும் புகை தங்கும். நிறுத்திய உடனே சேறள்ள இறங்குதலே பெரிதும் கொல்வது. கயிறின்றி ஒருவர் வீழ்ந்துவிட்டால், கரையில் நிற்போர் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வருவித்தலும், வெளியிலிருந்தே காற்றை உட்செலுத்த முயல்தலும், இறங்கத் துடிப்பவரைப் பிடித்து நிறுத்துதலும் செய்யத்தக்கன. இறுதியிற் கூறியதே மிகக் கடினம். இறங்கத் துடிப்பவர் பெரும்பாலும் உள்ளே கிடப்பவரின் உடன்பிறந்தவராக இருப்பார். மீட்கப்பட்டவர் கண்விழித்துப் பேசினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படல் வேண்டும். குருதியிற் கலந்த இந்நஞ்சு சாதாரணக் காற்றில் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் செல்லும். தூய ஒட்சிசன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரமளவே செல்லும்.

சட்டத்தின் நிலையும் சிறிது சொல்லத்தக்கது. கழிவுநீர்க் குழிகளில் இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபா வழங்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2023இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், தொழிலின் நிமித்தம் நேரும் காயத்துக்கும் சாவுக்கும் வேலை கொடுத்தவர் ஈடு செய்யவேண்டும் என்கின்றது. 2022இல் அது திருத்தப்பட்டபோது வேலைக்குப் போகும் வழியிலும் மீளும் வழியிலும் நேரும் விபத்துக்களும் சேர்க்கப்பட்டன. ஆலையிற் கையிழந்தவர் இச்சட்டத்தின் கதவைத் தட்டலாம். ஆனால் அச்சட்டம் வேலை கொடுப்பவரது தொழிலின் அல்லது வணிகத்தின் பொருட்டு உழைப்பவரையே தொழிலாளி எனக் கொள்கின்றது. தன் வீட்டுக் கிணற்றை இறைப்பிக்கும் குடும்பத்தலைவருக்கு அக்கிணறு தொழிலுமன்று, வணிகமுமன்று. அவர் ஒருநாட் கூலி பேசி அழைத்தவர் கிணற்றில் இறந்தால், இறந்தவரின் மனைவி எந்த அலுவலகத்துக்கும் செல்ல வழியில்லை. கிணற்றுக்குரியவரும் பெரும்பாலும் அவளைப் போன்ற ஏழையே. ஊரார் சேர்த்துக் கொடுக்கும் பணம் எட்டுச் செலவோடு முடிகின்றது. இயந்திரம் வாடகைக்குக் கொடுத்தவர் அதனைக் கழுவித் துடைத்து, அடுத்த வளவுக்கு அனுப்புகின்றார். குழாய் அதே நீளமானது.