சேறு புகுந்த உழவு இயந்திரம்: கொதிப்பை நிறுத்துவது எப்படி?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளமும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தில் பல விவசாயக் குடும்பங்களை இடம்பெயரச் செய்தன. கம்பளைப் பக்கத்தில் நாங்கள் சந்தித்த ஒரு குடும்பத்துக்கு மிஞ்சியது பழைய மெசி பேர்கசன் 135 ஒன்றுதான். "காணி போய்விட்டது. இது ஓடினால் கூலிக்கு உழுதாவது பிழைப்போம்" என்றார் வீட்டுக்கார ஐயா. ஆனால் கால் மணி நேரத்தில் ரேடியேற்றர் கொதித்தது. அவரோடு ஒரு நாள் சேர்ந்து வேலை செய்து நாங்கள் கற்றதை உங்களோடு பகிர்கிறோம்.

முதலில் மூன்று எச்சரிக்கைகள். வெள்ளத்தில் நின்ற இயந்திரத்தின் எண்ணெய் பால் நிறமாகத் தெரிந்தால், எண்ணெயை மாற்றாமல் இயக்க வேண்டாம். சூடான ரேடியேற்றரின் மூடியைத் திறக்க வேண்டாம். பீறிடும் நீராவி முகத்தை வேகவைத்துவிடும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் தலை வெடிக்கலாம்.

கழுவுதல்: ரேடியேற்றரின் அடிக்குழாயையும் எஞ்சின் பக்கத்துக் குழாயையும் திறந்து பழைய நீரை வடித்தோம். துரு கலந்த சேறு வந்தது. தெளிந்த நீர் வரும்வரை அலசினோம். வெளித் தகடுகளில் இறுகிய சேற்றை விசிறிப் பக்கமிருந்து முன்பக்கமாக மெதுவாகக் கழுவினோம். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடிந்துவிடும்.

தேர்மோஸ்ரற்: இதைக் கழற்றி எறியும்படி பலர் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அது தவறு. இது இல்லாவிட்டால் எஞ்சின் தேவையான சூட்டை அடையாது. டீசல் வீணாகும், தேய்மானம் கூடும். சட்டியில் நீரைக் காய்ச்சி அதில் தொங்கவிட்டுப் பாருங்கள். நீர் கொதிக்கும் முன்பே அது திறக்க வேண்டும். பூட்டும்போது சுருள்வில் உள்ள பக்கம் எஞ்சினை நோக்கி இருக்கட்டும். பழைய கேஸ்கற்றை முழுதாகச் சுரண்டிவிட்டுப் புதியதை வையுங்கள்.

ஓஸ் குழாய்கள்: அமுக்கினால் வெடிப்புத் தெரிந்தாலும், சதசதவென்று இருந்தாலும் மாற்றுங்கள். கிளிப்பைக் குழாய் வாயின் மேட்டுக்கு அப்பால் இறுக்குங்கள்.

வோட்டர் பம்பும் பெல்ற்றும்: பம்பின் அடித்துளையால் நீர் சொட்டினாலோ, விசிறியை அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தாலோ பம்பைக் கவனிக்க வேண்டும். பான் பெல்ற்றைப் பெருவிரலால் அமுக்கினால் அரை முதல் முக்கால் அங்குலம் தாழலாம். இவருடைய பெல்ற் இரண்டு அங்குலம் தாழ்ந்தது.

மூடி: கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 98 பாகையளவிலேயே கொதித்துவிடும். அமுக்கம் தாங்கும் நல்ல மூடி அந்த எல்லையை உயர்த்துகிறது. ஆகவே மூடிக்குப் பதில் துணியைத் திணிப்பது கொதிப்பை வரவழைக்கும்.

கடைசியாக, துருவைத் தடுக்கும் கூலன்ற் கலந்த சுத்தமான நீரை மெல்ல ஊற்றினோம். மூடியைப் போடாமல் எஞ்சினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகள் அடங்கியதும் குறைந்த நீரை நிரப்பினோம்.

கண்டி நகரில் வாங்கியது இரண்டு ஓஸ், ஒரு பெல்ற், ஒரு கேஸ்கற், ஒரு மூடி மட்டுமே. மற்றதெல்லாம் கழுவியதும் பொறுமையும்தான். அன்று மாலை பக்கத்து வீட்டாரின் தோட்டத்தை ஐயா உழுதார். வெப்பமானியின் முள் சிவப்பை எட்டவில்லை. முதல் கூலியை அவரது மனைவி கையில் வாங்கினார்.