ஜோடி மாறினால் வாரிசு இல்லை!

டிங்கிக் காய்ச்சல் பினாங்கிற்குப் புதிதல்ல. அங்கு பரவிய டிங்கியைப் பற்றி டாக்டர் ஸ்கே 1902-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். 1962-இல் ரத்தக்கசிவு டிங்கியும் அத்தீவில் தலைகாட்டியது. இதைப் பரப்புபவை இரண்டு வகை ஏடிஸ் கொசுக்கள். இரண்டிற்கும் கறுப்பு உடலில் வெள்ளைக் கோடுகள் இருப்பதால், நாம் இரண்டையும் ஒன்றென்றே நினைத்து விடுகிறோம்.

ஏடிஸ் எஜிப்தி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. ஜார்ஜ்டவுன் போன்ற நெரிசலான நகரங்களில் வீட்டிற்குள்ளேயே குடியிருக்கும். ஏடிஸ் அல்போபிக்டஸ் எனும் புலிக்கொசு இவ்வட்டாரத்தின் சொந்தப் பிள்ளை. தோட்டமும் புதரும்தான் அதற்கு விருப்பமான இடம்.

வீட்டு வாசலில் இரண்டும் சந்திக்கின்றன. ஆண் கொசு கடிக்காது. ஆனால் கடிக்க வரும் பெண் கொசுவுக்காக மனிதர்களைச் சுற்றியே பறக்கும். அவசரத்தில் இனம் மாறியும் சேர்ந்து விடும். அங்கேதான் வினை!

எஜிப்தி பெண் கொசு பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறைதான் இணை சேரும். ஆணின் விந்தோடு வரும் சில புரதங்கள் அது வேறு ஆணை ஏற்காதபடி செய்து விடுகின்றன. புலிக்கொசு ஆணோடு சேர்ந்தாலும் இதேதான் நடக்கும். ஆனால், அதனால் வாரிசு உருவாகாது. பிறகு தன் இன ஆண் வந்தாலும் பயனில்லை. புலிக்கொசு பெண்ணுக்கோ எஜிப்தி ஆணால் இந்தப் பாதிப்பு வருவதில்லை.

1980-களில் பழைய டயர்கள் வழியே அமெரிக்கா சென்ற புலிக்கொசு, புளோரிடாவின் பல பகுதிகளிலிருந்து எஜிப்தியைச் சில ஆண்டுகளிலேயே விரட்டியது. தேங்கிய நீரில் இரைக்காக நடக்கும் போட்டியோடு இந்தத் தவறான சேர்க்கையும் அதற்குக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இரண்டும் சேர்ந்து வாழும் இடங்களில், அந்நிய ஆணை ஒதுக்கும் குணம் எஜிப்தி பெண்களிடம் சில தலைமுறைகளிலேயே வளர்ந்து விடுவதையும் கண்டிருக்கிறார்கள்.

பெண் கொசுவைத் 'தவறான மாப்பிள்ளை'யால் ஏமாற்றும் இதே உத்தியை மனிதனும் கையாள்கிறான். சிங்கப்பூர் 2016 முதல் வோல்பாக்கியா கிருமியுள்ள எஜிப்தி ஆண்களைப் பறக்க விடுகிறது. அவற்றோடு சேரும் பெண்ணின் முட்டைகள் பொரிப்பதில்லை.

ஆனால் ஒன்று குறைந்தால் மற்றது அந்த இடத்தைப் பிடிக்கலாம். புலிக்கொசுவும் டிங்கியைப் பரப்பக்கூடியதுதான். கொசுக்களின் சண்டையில் எது வென்றாலும் நமக்கு லாபமில்லை. முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாட்கள் ஆகும். ஆகவே பூச்சட்டித் தட்டு, வாளி, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கிய நீரை வாரம் ஒரு முறை கொட்டினால், இரண்டு வகைக்கும் வாரிசு இல்லாமல் போகும்.