பழைய குழலும் பெயரறியாக் கரங்களும்

1900-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள். சீனத் தலைநகராகிய பீக்கிங் மாநகரில் அயல்நாட்டுத் தூதரகங்கள் அமைந்திருந்த பகுதி முற்றுகைக்குள்ளாகிப் பதினேழு நாட்கள் கடந்திருந்தன. அப்பகுதியினுள் இருந்த ஓர் இரும்புப் பட்டறையில், துருவேறிக் கிடந்த பழைய பீரங்கிக் குழல் ஒன்றைச் சீனக் கிறிஸ்தவர்கள் கண்டெடுத்தனர். அதற்குச் சக்கரம் இல்லை. குறிபார்க்கும் கருவி இல்லை. அதற்கேற்ற குண்டும் இல்லை. ஆயினும், பிழைக்க வழிதேடித் தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அப்பழைய இரும்பு ஒரு புதையலாகவே தோன்றிற்று.

முற்றுகையிடப்பட்டோரின் நிலை அத்தகையது. எட்டு நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 வீரர்களே அங்குக் காவல் புரிந்தனர். இத்தாலியரிடம் சிறிய பீரங்கி ஒன்று இருந்தது. ஆஸ்திரியர், ஆங்கிலேயர், அமெரிக்கர் ஆகியோரிடம் இயந்திரத் துப்பாக்கி ஒவ்வொன்று இருந்தது. எதிர்த்தரப்பிலோ, பாக்ஸர் எனப்பட்ட கலகக்காரரோடு சீனப் பேரரசின் படையும் சேர்ந்துகொண்டு பீரங்கிகளால் மதில்களைத் தகர்த்துக்கொண்டிருந்தது. இத்தாலியப் பீரங்கிக்குக் குண்டு தீரும் நிலை வந்தபோது, வீட்டுப் பாத்திரங்களின் ஈயக்கலவையை உருக்கிக் குண்டு வார்க்க வேண்டியதாயிற்று.

இந்நிலையில்தான் அந்தக் குழலுக்கு உயிர் கொடுக்க முனைந்தார், அமெரிக்கக் கடற்படையின் பீரங்கி வீரர் ஜோசப் மிட்சல். துரு சுரண்டப்பட்டது. இத்தாலியரிடமிருந்து சக்கரங்கள் கிடைத்தன. குண்டுகளை இரஷ்யர் அளித்தனர். அவர்கள் தங்கள் பீரங்கியைத் தியன்சின் நகரில் விட்டுவிட்டுக் குண்டுகளை மட்டும் கொண்டுவந்திருந்தனர்! கிணற்றில் போடப்பட்டிருந்த அக்குண்டுகளை மீண்டும் வெளியே எடுத்தனர். குழலின் வாய் வழியே மருந்தையும் குண்டையும் இடித்துச் செலுத்தி, மிட்சல் அதனை வெடிக்கச் செய்தார். குறி தவறினும் முழக்கம் தவறவில்லை. ஒவ்வொரு முறையும் வண்டி பின்னோக்கிப் பாய்ந்தது. எங்கும் புகை மண்டியது. அருகிலிருந்த எதிரியின் தடுப்புச் சுவர்களை அது பெயர்த்தெறிந்தது. உள்ளிருந்தோரின் நெஞ்சிலும் நம்பிக்கை துளிர்த்தது.

சீனாவில் கிடைத்த குழல், இத்தாலியச் சக்கரம், இரஷ்யக் குண்டு, அமெரிக்க வீரர்! எனவே அதற்குப் ‘பன்னாட்டுப் பீரங்கி’ என்று பெயரிட்டனர். சிலர் ‘பெட்சி’ என்று செல்லமாக அழைத்தனர். வேறு சிலர் சீனத்தை ஆண்ட பேரரசித் தாயின் பட்டத்தையே வேடிக்கையாக அதற்குச் சூட்டினர்.

அக்குழல் சீனாவில் கிடைத்ததேயன்றிச் சீனாவில் பிறந்ததன்று. 1860-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பீக்கிங்மீது படையெடுத்து வந்து, பேரரசரின் கோடைக்கால மாளிகையைக் கொள்ளையிட்டனர். ஆங்கிலத் தூதரின் ஆணைப்படி அது தீக்கிரையாக்கப்பட்டது. அப்படையினர் விட்டுச் சென்றதே இக்குழல் என அங்கிருந்தோர் கருதினர். பழைய அநீதியொன்றின் எச்சம் நாற்பது ஆண்டுகள் மண்ணில் கிடந்து மீண்டும் முழங்கிற்று என்றால், அது வெறும் தற்செயல்தானா?

பாக்ஸர் கலகத்தின் வேர்களும் அத்தகைய அநீதிகளிலேயே ஊன்றியிருந்தன. 1897-இல் சாந்துங் மாநிலத்தில் ஜெர்மானிய மறைபோதகர் இருவர் கொலையுண்டபோது, அதனையே காரணமாகக் காட்டி ஜெர்மனி ஒரு துறைமுகத்தைக் கைப்பற்றிக்கொண்டது. நற்செய்தி சொல்ல வந்தவர்களின் குருதி, நிலம் பறிப்பதற்குச் சாக்காயிற்று. அதன்மேல் வட சீனத்தைக் கடும் வறட்சியும் வாட்டியது. அயலாரை எட்டிப் பிடிக்க இயலாத மக்களின் சினம், அயலாரின் சமயத்தைத் தழுவிய அண்டை வீட்டார்மீது பாய்ந்தது. ஜூன் மாத நடுவில் பீக்கிங் தென் பேராலயம் தீக்கு இரையாயிற்று. அதைச் சுற்றி வாழ்ந்த கத்தோலிக்கர் பலர் வெட்டி வீழ்த்தப்பட்டனர். எஞ்சியோர் தூதரகப் பகுதிக்கு ஓடிவந்தனர்.

அங்கு அடைக்கலம் புகுந்த சீனக் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். அவருள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்களுக்குத் தங்க இடம் வேண்டும் என்று பிரான்சிஸ் ஹியூபர்ட்டி ஜேம்ஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியரும், மாரிசன் என்னும் செய்தியாளரும் முயன்று, சு இளவரசரின் மாளிகையைப் பெற்றுத் தந்தனர். ஜேம்ஸ் முற்றுகையின் முதல் நாளிலேயே கொல்லப்பட்டார்.

இனி நாம் சொல்லப்போவது மனத்தை உறுத்தும் செய்தி. ஜூன் 19-ஆம் நாள், இருபத்து நான்கு மணி நேரத்தில் நகரை விட்டு வெளியேற வேண்டுமெனச் சீன அரசு தூதர்களுக்கு ஆணையிட்டது. தூதர்களுள் பலர் அதற்கு இசையும் மனநிலையில் இருந்தனர். அவர்கள் போய்விட்டால் அம்மூவாயிரம் பேரின் கதி யாது? அவர்களைச் சாவுக்குக் கையளித்துவிட்டு நாம் மட்டும் தப்புவதா என்று மாரிசன் வன்மையாகக் கண்டித்தார். மறுநாள் ஜெர்மானியத் தூதர் தெருவிலே சுட்டுக் கொல்லப்பட்டதால் வெளியேறும் எண்ணம் கைவிடப்பட்டது. அன்றே முற்றுகையும் தொடங்கிற்று.

கைவிடப்பட இருந்த அதே மக்கள்தாம் பின்னர் அனைவரையும் காத்தனர். அகழி தோண்டியவர்கள் அவர்கள். மண்மூட்டை சுமந்தவர்கள் அவர்கள். இரவில் இடிந்த தடுப்புச் சுவரை விடியுமுன் எழுப்பியவர்கள் அவர்கள். பீரங்கிக் குழலைக் கண்டெடுத்தவர்களும் அவர்களே. அவர்கள் இல்லையேல் தாங்கள் பிழைத்திருக்க முடியாதென்று, முற்றுகையிலிருந்து மீண்ட வெளிநாட்டவரே பின்னர் ஒப்புக்கொண்டனர். ஆனால் உணவுப் பங்கீட்டில் அவர்களுக்குக் கிடைத்தது யாது? வெளிநாட்டவர் குதிரை இறைச்சியும் அரிசியும் உண்டனர். அடைக்கலம் புகுந்த சீனக் குடும்பங்களோ, இறுதி வாரங்களில், மரத்தின் இலைகளையும் பட்டைகளையும் தின்றன. குழந்தைகள் பலர் பசியாலும் நோயாலும் மடிந்தனர்.

இதே வேளையில், அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பெய்தாங் எனப்படும் வட பேராலயமும் தனியே முற்றுகையில் சிக்கியிருந்தது. வரவிருந்த ஆபத்தை மே மாதத்திலேயே பிரெஞ்சுத் தூதருக்கு எழுதி எச்சரித்தவர் ஆயர் ஃபவியேர். அவர் தம் குருக்களோடும் அருட்சகோதரிகளோடும், பெரும்பாலும் பெண்களும் சிறுவருமாகிய மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்களோடும் அங்கே இருந்தார். காவலுக்கு இருந்தவர்கள் பிரெஞ்சு, இத்தாலியக் கடற்படையினர் நாற்பதுக்குச் சற்று மேற்பட்டோரே. அவர்களுடைய தலைவர் பால் ஆன்றி 23 வயது இளைஞர். ஜூலை 30-ஆம் நாள் அவரும் வீழ்ந்தார். ஆகஸ்டு 12-இல் நிலத்தடியில் வைத்த வெடி வெடித்து எண்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அவர்களுள் பலர் குழந்தைகள்.

ஆகஸ்டு 14-ஆம் நாள் மீட்புப் படை வந்தது. தூதரகப் பகுதிக்குள் முதலில் நுழைந்தவர்கள், ஆங்கிலேயரின் கீழ்ப் பணியாற்றிய இந்திய வீரர்களே. இரு நாட்களுக்குப் பின் பெய்தாங்கும் மீட்கப்பட்டது. அதன்பின் நிகழ்ந்தது நன்றி வழிபாடு மட்டுமன்று. வெற்றி பெற்ற படைகள் நகரைச் சூறையாடின. குற்றமற்ற சீனர் பலரும் மாண்டனர். 1860-இன் கொள்ளை மீண்டும் ஒருமுறை அரங்கேறிற்று. பழைய குழலோடு பழைய பாவமும் உயிர் பெற்றெழுந்தது போலும்!

அக்கலகத்தில் சீனமெங்கும் விசுவாசத்தை மறுதலிக்காமல் உயிர் துறந்தோர் பல்லாயிரவர். 2000-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் புனிதர் நிலைக்கு உயர்த்திய சீன மறைசாட்சிகள் 120 பேரில் பெரும்பாலோர் 1900-இல் உயிர் நீத்தவர்கள். அவருள் 87 பேர் சீனர். அடுத்த ஆண்டே அத்திருத்தந்தை, கடந்த காலத்தில் சீன மக்களுக்குத் திருச்சபையின் மக்கள் இழைத்த பிழைகளுக்காக மன்னிப்பும் வேண்டினார். மறைசாட்சிகளைப் போற்றிய அதே நாவால் குற்றத்தையும் ஏற்றுக்கொண்டது பெருந்தன்மை மட்டுமன்று. அதுவே உண்மைக்குச் சான்று பகர்தல்.

அன்பர்களே! ஆபத்து நெருங்கியபோது பல நாட்டவரும் ஒன்றுகூடி ஒரு பீரங்கியை உருவாக்கிவிட்டனர். அதே ஒற்றுமையோடு, சு மாளிகையில் இலை தின்ற குழந்தைக்கு ஒரு பிடி சோறு பகிர அவர்களால் இயலாமற் போயிற்று. பீரங்கியை இயக்கிய மிட்சலுக்கு வீரப் பதக்கம் கிடைத்தது. அது தகுதியான சிறப்பே. குழலைக் கண்டெடுத்துக் கொடுத்த கரங்களுக்கோ ஒரு பெயர்கூட எஞ்சவில்லை.

நம் பங்கிலும் ஆலயம் எழும்பும்போது, நன்கொடையாளர் பெயர் சலவைக்கல்லில் பொறிக்கப்படுகிறது. கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்களின் பெயரை எவரும் எழுதுவதில்லை. அடுத்த முறை அக்கல்லைக் காணும்போது, பெயர் இல்லாத அவர்களுக்காகவும் ஒரு செபம் சொல்வோம். செபத்தோடு நின்றுவிடாமல், அவர்களின் பிள்ளைகள் நம் பந்தியில் எங்கே அமர்ந்திருக்கிறார்கள் என்றும் திரும்பிப் பார்ப்போம்.