குச்சி இப்போ யார் கையில்?

"அண்ணாச்சி, நீங்க நிக்கிறது குடோன் மேல. கொஞ்சம் தள்ளிக்கோங்க."

குனிந்து பார்த்தால் உண்மைதான். என் செருப்புக்கடியில், கரிசல் மண்ணில், ஒரு சதுரம். பக்கத்தில் இன்னும் ஆறு சதுரங்கள், ஒரு வண்டிப்பாதை, பாதைக்கு அந்தாண்டை வேப்பங்குச்சியால் சுருள் சுருளாக ஏதோ கிறுக்கல். அதுதான் தீயாம்! பதறி விலகிய வேகத்தில் ஒரு மருந்துக் கலவை அறையையும் காலால் அழித்துவிட்டேன். யாரும் கோபிக்கவில்லை. குச்சி வைத்திருந்தவர் பொறுமையாக அதை மறுபடி வரைந்தார்.

வெம்பக்கோட்டைப் பக்கம், ஏப்ரல் வெயில், தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14-இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்து, அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் மாண்டார்களே, அவர்கள் நினைவாக நாடு முழுக்க நடக்கும் வாரம். வழக்கமாக நாமெல்லாம் பார்ப்பது அதன் முன்பக்கம்: தண்ணீர் வானத்துக்குப் பீறிடும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைதட்டும், கேஸ் சிலிண்டர் மேல் ஈரச்சாக்கைப் போட்டு அணைத்துக் காட்டுவார்கள். எனக்கு வாய்த்ததோ ஒரு ஒத்திகையின் பின்பக்கம். நாடகக் கொட்டகையில் திரைக்குப் பின்னால் விட்ட சின்னப் பையனைப் போலத் துள்ளிக்கொண்டிருந்தேன்.

ஒத்திகைக்கான கதை இதுதான். சீமைக்கருவேலங்காட்டில் காய்ந்த புல் பற்றிக்கொண்டது. காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. கிழக்கே ஒரு பட்டாசு ஆலை. காட்டுத் தீ என்றால் மலையும் மான்களும் என்று நினைப்பவர்கள் ஒரு கோடைக்கு இந்தப் பக்கம் வந்து பார்க்கவேண்டும். இங்கே காடு என்றாலே முள்ளுக்காடுதான். ஆனால் அது எரிந்துகொண்டே எந்த வாசலில் போய் நிற்கும் என்று யோசித்தால் வயிறு கலங்கும்.

முதல் வண்டி வந்து நின்றது. தொட்டியில் 4,500 லிட்டர் தண்ணீர். ஸ்டேஷன் ஆபீசர் இறங்கினார். ஹோஸை உருவப் போகிறார்கள் என்று நான் போனைத் தூக்கிப் பிடித்தால், மனிதர் தண்ணீர்ப் பக்கமே திரும்பவில்லை. நேராக ஆலை போர்மேனிடம் போனார்.

"உள்ள எத்தன பேரு?"

"எல்லாரும் வெளிய வந்தாச்சு சார். எண்ணியாச்சு."

"மருந்து எந்த ரூம்ல?"

போர்மேன் குச்சியை வாங்கி மண்ணில் தட்டினார். இது கலவை அறை. இதில் காலைக் கலவை மிச்சம் கிடக்கிறது. இதில் வெறும் காகிதக் குழாய். அது குடோன், கட்டி முடித்த சரக்கு. சொல்லிவிட்டுக் குச்சியை ஆபீசர் கையில் கொடுத்தார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது! பொறுப்பு கைமாறுவது என்றால் பெரிய அதிகாரியிடமிருந்து அதைவிடப் பெரிய அதிகாரிக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இங்கே முதல் கைமாற்றம் சீருடையே இல்லாத ஒரு போர்மேனிடமிருந்து நடக்கிறது. வெடிபொருள் துறை கொடுக்கும் நாக்பூர் லைசென்ஸில் எத்தனை அறை, எந்த அறையில் என்ன என்று வரைபடம் இருக்கும்தான். இன்றைக்கு மத்தியானம் எந்த அறையில் எவ்வளவு மருந்து என்பது அந்த மனிதர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்ற விதி இருப்பதால், எண்ணிக்கையை அவர் சட்டென்று சொல்ல முடிகிறது. மரத்தடியிலும் ஆள் உட்காரவைத்து வேலை வாங்கும் ஆலையில் இந்தக் கேள்விக்குப் பதில் வராது. அங்கே தீயணைப்புக்காரர் குருடராகத்தான் நுழையவேண்டும்.

இனி வரிசை. உயிர் முதலில், தீ பரவாமல் நிறுத்துவது அடுத்து, சொத்து கடைசியில். உலகத்தில் எந்த ஊர்த் தீயணைப்புக்காரரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். ஆனால் பட்டாசு ஊரில் இந்த மூன்றுக்கும் தனி அர்த்தம் உண்டு. உயிர் என்றால் உள்ளே இருப்பவர்கள் மட்டும் இல்லை, வேலிக்கு வெளியே வேடிக்கை பார்க்கிறவர்களும்தான். 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 40 பேரளவில் செத்தார்களே, அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்து உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடி வந்து, அடுத்த வெடிப்பில் சிக்கியவர்கள். அதனால்தான் ஒத்திகையில் முதல் கட்டளை தண்ணீரைப் பற்றியதாக இல்லை. "கூட்டத்தைத் தள்ளு." அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

பரவாமல் நிறுத்துவதும் அப்படித்தான். 4,500 லிட்டரை எரிகிற புல்லில் கொட்டினால் சில நிமிடங்களில் தொட்டி காலி. ஆபீசர் குச்சியால் புல்லுக்கும் குடோனுக்கும் நடுவே ஒரு கோடு கிழித்து, "இங்க நனை" என்றார். எரியாத இடத்துக்குத் தண்ணீர்! ஏற்கெனவே பற்றிவிட்ட அறை என்றால், அதை விட்டுவிட்டுப் பக்கத்து அறைச் சுவரைக் குளிரவைப்பார்களாம். அலுமினியப் பவுடர் கிடக்கும் அறைக்குள் தண்ணீர் பாய்ச்சினால் ஹைட்ரஜன் கிளம்பி நிலைமை இன்னும் மோசமாகும். புல் தீக்கும் ஓர் உடம்பு உண்டு: தலை, இரண்டு விலா, வால். வாலில் தொடங்கி விலா வழியாகத்தான் நெருங்கவேண்டும். தலைக்கு முன்னால் போய் நிற்பது வீரம் இல்லை, அசட்டுத்தனம். ஓடி ஒதுங்க இடம் வேண்டுமென்றால் எரிந்து முடிந்த கரித்தரைதான் நல்ல இடமாம்.

இந்த நேரத்தில் ஒரு ஜீப் வந்தது. பெரிய அதிகாரி. எல்லாரும் விறைப்பாக சல்யூட். சரி, இனிமேல் கட்டளை இவருடையது என்று நான் நோட்டில் எழுதுவதற்குள், அவர் ஸ்டேஷன் ஆபீசர் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சொல்லுங்க." என்ன நடந்தது, இதுவரை என்ன செய்தோம், யார் எங்கே நிற்கிறார்கள், இன்னும் என்ன வேண்டும், காற்று எப்படி. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகுதான் குச்சி கைமாறியது. ஒயர்லெஸில் நேரத்தோடு அறிவித்தார்கள். மூத்தவர் வந்து நின்ற மாத்திரத்தில் பொறுப்பு மாறிவிடாது, விவரம் கேட்டு வாங்கினால்தான் மாறும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இதற்கென்றே படிவம் 001 இருக்கிறது. அதில் வரைபடத்துக்கும் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். மண்ணில் கிறுக்கியதுதான் அந்தக் கட்டத்துக்குள் ஏறும். அதே நெறிகளின்படி மாவட்டத்துக்குப் பொறுப்பு அலுவலர் கலெக்டர்.

இந்த ஏற்பாட்டின் பூர்வீகம் கலிபோர்னியா. 1970-இல் அங்கே 13 நாள் எரிந்த காட்டுத் தீக்களில் 16 பேர் மாண்டு, 700-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. ஆளும் வண்டியும் இருந்தும், ஒரு துறை பேசுவது இன்னொரு துறைக்குப் புரியவில்லை; யார் தலைவர் என்றும் தெரியவில்லை. அந்த அவமானத்தில் பிறந்த முறை, கடல் தாண்டி நம்ம ஊர் வேப்பங்குச்சிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மேற்கே பார்த்தால் மலை. ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை, 2021-இல் புலிகள் காப்பகமானது. அங்கே ஆட்டமே வேறு. டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீப்புள்ளியைக் கண்டு செய்தி அனுப்பும். ஆனால் அதன் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர்ச் சதுரம். அதற்குள் தீ எங்கே என்று வேட்டைத் தடுப்புக் காவலர்கள்தான் ஏறிப் பார்க்கவேண்டும். வண்டி போகாது. பச்சைக் குழையை ஒடித்து அடித்துத்தான் அணைப்பது. 2024 மார்ச்சில் குன்னூரில் விமானப்படை ஹெலிகாப்டர் வாளி கட்டி 16,000 லிட்டருக்கு மேல் ஊற்றியது பார்க்க அழகுதான், ஆனால் எல்லா மலைக்கும் அது வராது. மலையில் தீ மேல்நோக்கி ஓடும். சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் இரட்டிப்பாகும் என்பது கணக்கு.

2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் அந்தச் சரிவில்தான் மலையேறப் போனவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ஹெலிகாப்டர் வருவதற்கு முன்பே டோலி கட்டிச் சுமந்து இறக்கியவர்கள் உள்ளூர்க்காரர்கள். அந்தப் பெயர் வந்ததும் ஒத்திகைத் திடலில் அரட்டை நின்றது. அச்சங்குளத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. அங்கே பட்டாசு ஆலை வெடித்தது இதே வெம்பக்கோட்டைத் தாலுகாவில், 2021 பிப்ரவரி 12. இறந்தவர்களின் சொந்தக்காரர்கள் அந்தக் கூட்டத்திலேயே நின்றிருக்கலாம்.

வெயில் தாழ்ந்ததும் கடைசிக் கைமாற்றம். தீ அணைந்ததாக அறிவித்தாயிற்று, ஜீப் கிளம்பிவிட்டது. ஒரு தீயணைப்பாளர் மட்டும் கரித்தரையில் குந்தி, கட்டைகளின் மேல் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும், லேசான சூடு அதில் தெரியாதாம். குச்சி அவர் இடுப்பில் செருகியிருந்தது.

சாத்தூர், சிவகாசிப் பக்கம் போகும்போது முள்ளுக்காட்டில் புகையைப் பார்த்தால் இறங்கி வீடியோ எடுக்காதீர்கள். 101-க்கோ 112-க்கோ கூப்பிட்டு எந்த ஊர், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பக்கத்தில் ஆலை இருக்கிறதா என்று சொல்லிவிட்டு, தள்ளிப் போய் நில்லுங்கள்.