சிந்துபாத் எப்போது கரை ஏறுவான்?

ஏரிக்கரை வாசகர்கள் – 9

1960-ல் தினத்தந்தியில் தொடங்கிய 'கன்னித்தீவு' படக்கதை இன்னும் முடியவில்லை. நாளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் 20,000 பகுதிகளைத் தாண்டிவிட்டது. வரைந்த கைகள் மாறின. கறுப்பு வெள்ளை போய் வண்ணம் வந்தது. ஆரம்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளைகள் இன்று பேரப்பிள்ளைகளுக்கு அதைப் படித்துக் காட்டுகிறார்கள். அதன் நாயகன் சிந்துபாத்துக்கு மட்டும் வயது ஏறவில்லை.

அவனிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை எளிமையானதுதான். மந்திரவாதி மூசா சின்னஞ்சிறு உருவமாக்கிவிட்ட இளவரசி லைலாவைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பத்திரமாக ஊர் சேர்க்க வேண்டும். இடையில் எத்தனையோ தீவுகள், அரக்கர்கள், சூனியக்காரிகள். ஒரு ஆபத்திலிருந்து தப்பினால் அடுத்தது காத்திருக்கும். இழுத்துக்கொண்டே போகிற எதைப் பார்த்தாலும், அது கோர்ட்டு வழக்கானாலும் பாலம் கட்டும் வேலையானாலும், 'கன்னித்தீவு மாதிரி' என்று சொல்லப் பழகிவிட்டோம்.

இந்தக் கதாநாயகனின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச, ஏரியும் கடலும் சேரும் பழவேற்காட்டைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. தங்கள் முன்னோர் அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள் என்று சொல்லும் முஸ்லிம் குடும்பங்கள் இங்கே உண்டு. டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, இங்கிருந்து துணி ஏற்றிக் கீழை நாடுகளுக்கு அனுப்பினார்கள். கோட்டை இடிந்துவிட்டது, கல்லறைத் தோட்டம் நிற்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் காக்கும் அந்தத் தோட்டத்துக்குள், கடல் கடந்து வந்து ஊர் திரும்பாமலே போனவர்கள் படுத்திருக்கிறார்கள். கடலில் போகிறவன் திரும்பி வருவானா என்ற கேள்வி இந்த ஊருக்குக் கதைப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல.

காலையில் வலையிலிருந்து மீனைப் பிரித்து ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு டீக்கடைக்கு வருகிறவர்களிடம் தினத்தந்தி தாள் தாளாகப் பிரிந்து கைமாறுகிறது. மீன் விலையும் முகத்துவாரத்துச் சங்கதியும் பேசி முடிந்த இடைவெளியில் நான் கேட்டேன்: சிந்துபாத் கடைசியில் என்ன ஆவான்?

அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அவன் கரை ஏறிட்டா, நாளைக்கு இன்னாத்த சார் படிக்கிறது?"

கூடையை இறக்கி வைத்துவிட்டு டீக்கு நின்றிருந்த அம்மா விடவில்லை. "அதுக்குன்னு அந்தப் பொண்ண எத்தினி வருசம்ண்ணா தூக்கினே சுத்துவான்? வூட்டாண்ட கொண்டாந்து உடச் சொல்லு."

கன்னித்தீவின் எதிர்காலம் பற்றி ஊரில் நடக்கிற வாதமெல்லாம் இந்த இரண்டு பேச்சுக்குள் அடங்கிவிடுகிறது. கதை நிற்கக் கூடாது என்பது பெரியவரின் கட்சி. அந்தப் பெண் வீடு சேர வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. நான் அம்மாவின் கட்சி. ஆனால் பெரியவரின் பயமும் நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது.

ஆயிரத்தொரு இரவுகள் கதைகளோடு சேர்ந்து வரும் மூலச் சிந்துபாத்தைப் பாருங்கள். அவன் ஏழு முறை கடலுக்குப் போகிறான். கப்பல் உடைகிறது, பெரும்பறவை தூக்கிப் போகிறது, தீவென்று நினைத்துக் கால் வைத்த இடம் திமிங்கலத்தின் முதுகாக இருக்கிறது. இருந்தும் ஏழு முறையும் பாக்தாத்துக்குத் திரும்பிவிடுகிறான். சம்பாதித்ததைச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருந்தவனை மறுபடியும் கடல் இழுக்கிறது. ஆக, அவன் வீடு வந்து சேர்ந்ததால் கதை ஒரு தடவைகூடக் கெடவில்லை. ஒவ்வொரு திரும்புதலும் அடுத்த பயணத்துக்கு அடி போட்டது. நம் சிந்துபாத்துக்கோ அறுபது ஆண்டுக்கு மேலாகியும் ஒரு திரும்புதல்கூட வாய்க்கவில்லை.

முடித்தால் வாசகர் போய்விடுவார்களோ என்ற அச்சம் உலகமெங்கும் தொடர் எழுதுகிறவர்களுக்கு இருக்கிறது. கோனன் டாயில் 1893-ல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றார். வாசகர்கள் விடாமல் நச்சரித்து, 1903-ல் உயிரோடு திரும்ப வைத்தார்கள். ஜப்பானில் 1997-ல் தொடங்கிய 'ஒன் பீஸ்' படக்கதையிலும் ஒரு கடற்பயணம் கால் நூற்றாண்டுக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. அதன் நாயகன் தேடும் புதையல் என்னவாக இருக்கும் என்று கோடிக்கணக்கானவர்கள் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் வீட்டு உதாரணம் இவை எல்லாவற்றையும்விட எனக்கு நெருக்கமானது. கல்கி 1950-ல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னை 1954-ல் முடித்தபோது, இன்னும் எத்தனையோ முடிச்சுகள் அவிழாமல் கிடக்கின்றனவே என்று வாசகர்கள் விடாமல் கேட்டார்கள். பிற்பாடு யார் யார் என்ன ஆனார்கள் என்று அவர் முடிவுரையே எழுத வேண்டியிருந்தது. அந்தக் கதையில் கோடிக்கரையில் படகு தள்ளிய பூங்குழலியை நினைத்துப் பாருங்கள். வந்தியத்தேவனை இலங்கைக்குப் படகில் கொண்டுபோய் விட்டவள் அவள். பின்னால் அரசனான சேந்தன் அமுதனைக் கைப்பிடித்து, கடைசியில் சோழ அரியணைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கோடிக்கரையில் அவளை முதலில் சந்தித்த வாரத்தில் எந்த வாசகர் அதை ஊகித்திருப்பார்? நல்ல முடிவு வாசகரின் ஊகத்தைத் தாண்டி ஒரு எட்டு வைக்கும். 'கன்னித்தீவு'க்கும் அப்படி ஒரு எட்டு வைக்க இடம் இருக்கிறது.

பழவேற்காட்டு மீனவர்களின் பாடு முறையைத் தெரிந்துகொண்டபோது இந்த எண்ணம் எனக்கு இன்னும் உறுதிப்பட்டது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் ஏரியில் இறால் அதிகம் கிடைக்கும் இடங்களில் வலை போடுவதைத் தலைக்கட்டுக் கணக்கில் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. நல்ல இடம் ஒருவர் கையிலேயே தங்காது. இன்று உங்கள் முறை, அடுத்து இன்னொருவர் முறை. ஆள் மாறினாலும் பாடு நிற்பதில்லை. கதைக்கும் இதே முறை பொருந்தும் என்று நினைக்கிறேன். 'முகமூடி வீரர் மாயாவி' படக்கதையை உருவாக்கிய லீ ஃபாக், முகமூடியைத் தகப்பனிடமிருந்து மகன் வாங்கிக்கொள்கிற மாதிரி 21 தலைமுறை வைத்தார். மாயாவிக்குச் சாவே இல்லை என்று காடு நம்புகிறது. உள்ளே ஆள் மாறிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே பெரியவருக்கு நான் சொல்வது இது. ஐயா, சிந்துபாத் கரை ஏறட்டும். அவன் திரும்புவதையே பத்து நாளுக்கு வரையலாம். ஏரியிலிருந்து கடலுக்குப் போகிற படகு முகத்துவாரத்து அலையைத் தாண்டித் திரும்புவது எவ்வளவு பெரிய வேலை என்பது உங்களுக்குத் தெரியாததா? மண் மூடிக் கிடந்தால் உள்ளே நுழையவே வழியிருக்காது. வீட்டு வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வருகிற ஆபத்துக்கு எந்த அரக்கனும் ஈடில்லை. லைலா முழு உருவத்தோடு தன் வீட்டுப் படியேறட்டும். அவளை யார் எதிர்கொள்வார்கள், இத்தனை காலம் கழித்து ஊர் அவளை எப்படிப் பார்க்கும், அவள் வாய் திறந்து முதலில் என்ன சொல்வாள் என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அதைப் படிக்க அதிகாலையிலேயே கடை வாசலில் போய் நிற்பேன்.

மறுநாள் பேப்பருக்கு வேறு பயணம் வேண்டும்தான். அதற்கு ஆளும் கதைக்குள்ளேயே இருக்கிறாள். எல்லாத் தீவுகளையும் பார்த்தவள், எல்லா மந்திரத்தையும் பட்டறிந்தவள், அத்தனை காலமும் தன் பயணத்தை வேறொருவர் நடத்த விட்டுவிட வேண்டியிருந்தவள். மூசா சிறைப்படுத்திய மற்றப் பெண்களைத் தேடி அடுத்த கப்பலை லைலா எடுக்கட்டும். சிந்துபாத் வேண்டுமானால் கூட வரட்டும்.

(தொடரும்)