முகம் யாருக்கு?

ஜப்பானிய இலக்கியத்தின் பேரழகன் கெஞ்ஜி. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கியோட்டோ அரண்மனையில் பேரரசியின் பணியில் இருந்த முராசாகி ஷிகிபு என்ற பெண்மணி எழுதிய 54 அத்தியாய நெடுங்கதையின் நாயகன் அவன். அந்தக் கதை 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் படச்சுருளாக வரையப்பட்டது. அதில் காலத்துக்குத் தப்பிய பகுதிகள் பெரும்பாலும் நகோயாவின் டொகுகாவா கலை அருங்காட்சியகத்திலும் டோக்கியோவின் கோதோ அருங்காட்சியகத்திலும் உள்ளன. அவற்றில் கெஞ்ஜியின் பேரழகைத் தேடிப் போனால் கிடைப்பது இவ்வளவுதான்: உப்பிய வெள்ளைக் கன்னம், கண்ணுக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கொக்கி, உதட்டுக்கு ஒரு சிவப்புப் பொட்டு. அவன் மனைவியருக்கும் அதே முகம். அவன் மனைவியைக் களவில் நாடிய இளைஞனுக்கும் அதே முகம். ஓவியருக்குக் கை வரவில்லை போலும் என்று எண்ணிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. ஆனால் ஜப்பானியக் கதை ஓவிய மரபைப் புரிந்துகொள்ள இந்த முகங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். யார் முகத்தைக் காட்டுவது, யார் முகத்தை மறைப்பது என்பது அந்த மரபில் தெரிந்தே எடுக்கப்பட்ட முடிவு. அந்தச் சமூகத்தின் மேல் கீழும், படம் வரையப்பட்ட நோக்கமும் அந்த முடிவில்தான் பதிந்திருக்கின்றன.

இந்த ஓவியங்களுக்கு யமாதோ-எ என்று பெயர். சீனப் பாணியில் சீன நிலக்காட்சிகளை வரைந்த படங்களிலிருந்து பிரித்துக் காட்ட, ஜப்பானியக் கதைகளையும் பருவங்களையும் வரைந்த படங்களுக்கு அந்தப் பெயர் வழங்கியது. அவற்றுள் கதை சொல்லும் சுருளை எமாகி என்பார்கள். தாள்களை நீளவாக்கில் ஒட்டி, எழுத்தும் படமும் மாறி மாறி வருமாறு அமைத்த சுருள் அது. வலப்புறமிருந்து இடப்புறமாக, கைக்கு எட்டும் அகலம் மட்டும் விரித்து, பார்த்த பகுதியைச் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். கெஞ்ஜி சுருளின் உயரம் சுமார் 22 சென்டிமீட்டர்தான். அதை எப்படி அனுபவித்தார்கள் என்பதற்கு அந்தச் சுருளிலேயே சான்று இருக்கிறது. 'அசுமாயா' அத்தியாயக் காட்சி ஒன்றில் பணிப்பெண் கதையை உரக்கப் படிக்கிறாள். உகிஃபுனே என்ற இளம்பெண் படங்களைப் பார்த்தபடி கேட்கிறாள். குரல் ஒருபுறம், படம் ஒருபுறம். யார் என்ன நினைத்தார், ஏன் அழுதார் என்பதைச் சொல்ல ஒரு வாய் பக்கத்திலேயே இருந்தது. அதையே படத்தில் முகத்தை வைத்து மறுபடி சொல்ல வேண்டிய தேவை ஓவியருக்கு இல்லை.

அப்படியானால் ஓவியர் எதைச் சொன்னார்? முதலில் அவர் வீட்டின் கூரையைக் கழற்றிவிடுகிறார். மேலிருந்து சரிவாகப் பார்க்கிற நம் கண்ணுக்கு அறைகளும் தடுப்புகளும் பாய் விளிம்புகளும் ஒரே பார்வையில் தெரிகின்றன. அந்தக் காலத்து உயர்குடிப் பெண் மூங்கில் தட்டிக்கும் துணித்திரைக்கும் பின்னால் வாழ்ந்தவள். கணவனும் நெருங்கிய உறவினரும் தவிர வேறு ஆண் அவள் முகத்தைப் பார்ப்பது பெரிய மீறல். கெஞ்ஜி கதையில் பல துயரங்கள் யாரோ ஒருவன் வேலி இடுக்கில் எட்டிப் பார்த்ததில்தான் தொடங்குகின்றன. கூரையைக் கழற்றிய ஓவியர், அப்படி எட்டிப் பார்க்கும் இடத்தில் நம்மையும் நிறுத்துகிறார். நிறுத்திய பிறகு, அந்த மீறல் எல்லை தாண்டாதபடி முகத்தை மட்டும் நமக்குத் தர மறுக்கிறார். அறை திறந்திருக்கிறது, ஆள் திறக்கவில்லை.

தராத முகத்துக்கு ஈடாக அவர் தருவது இடம். 'காஷிவாகி' அத்தியாயத்தின் மூன்றாவது காட்சியைக் கவனமாகப் பார்க்கலாம். குழந்தை பிறந்த 50ஆம் நாள் சடங்கு. கெஞ்ஜி கையில் ஏந்தியிருக்கும் மகன் காவோரு, அவனுடைய மகன் அல்ல. அவன் இளம் மனைவிக்கும், அவளைக் களவில் நாடிய இளைஞன் காஷிவாகிக்கும் பிறந்தவன். ஊருக்கு முன்னால் கெஞ்ஜி அந்தக் குழந்தையைத் தன் மகனாக ஏற்றாக வேண்டும். தன் தந்தைக்கு முன்பு தானே இழைத்த துரோகம் இப்போது தன் மடிக்கே வந்திருப்பதும் அவனுக்குத் தெரியும். ஓவியர் அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட வரையவில்லை. ஆனால் தளத்தைச் செங்குத்தாகச் சாய்த்து, கெஞ்ஜியைப் படத்தின் மேல் ஓரத்தில் நெருக்கி வைத்திருக்கிறார். நிமிர்ந்தால் தலை சட்டத்தில் இடிக்கும் என்று தோன்றும் அளவுக்கு நெருக்கடி. 'மினோரி' காட்சியில் கதையின் நாயகி முராசாகி சாகக் கிடக்கிறாள். அங்கே ஓவியர் பெரும்பகுதி இடத்தைக் காற்றில் அலைக்கழியும் இலையுதிர்காலச் செடிகளுக்கு ஒதுக்கிவிட்டார். துக்கம் ஆளின் முகத்தில் இல்லை. கோட்டின் சாய்விலும் புல்லின் வளைவிலும் இருக்கிறது.

இதற்கு முதல் மறுப்பு எளிதில் வரும்: முகம் வரையத் தெரியாததற்கு இவ்வளவு விளக்கம் தேவையா? தேவை, ஏனென்றால் அந்தக் கண்ணுக்கான கோடே ஒரே இழுப்பில் வந்ததல்ல. மயிரிழை போன்ற பல கோடுகளை அடுக்கி, நடுவில் கருவிழி இருக்கும் இடத்தை மட்டும் சற்றே அழுத்தி உருவாக்கியது. ஓவியம் முழுவதுமே அப்படி அடுக்கு அடுக்காக வளர்ந்தது. முதலில் மையால் வரைகோடு. அதை மூடும்படி வஜ்ஜிரப் பசையில் குழைத்த தாது வண்ணங்கள். பிறகு முகத்துக்கும் ஆடைக்கும் மீண்டும் கோடு. இவ்வளவு பொறுமையுள்ள கைக்கு ஒரு புருவத்தைத் தூக்கிக் காட்டத் தெரியாது என்பது நம்பக்கூடியதல்ல.

இதைவிட வலுவான சான்று அதே 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிடைக்கிறது. டோக்கியோவின் இதெமிட்சு கலை அருங்காட்சியகத்தில் உள்ள 'பான் டைனாகோன்' சுருள், 866இல் அரண்மனையின் ஓதென்மோன் வாயில் எரிந்த வழக்கைச் சொல்கிறது. தோமோ நோ யோஷியோ என்ற உயர் அமைச்சர் தானே தீ வைத்துவிட்டு, பழியை மினாமோதோ நோ மகோதோ என்ற மற்றோர் அமைச்சர் மேல் போட்டார் என்பது கதை. தீயைப் பார்க்க ஓடிவரும் கூட்டத்தில் வாய் பிளந்தவர், கை நீட்டுகிறவர், அஞ்சிப் பின்வாங்குகிறவர் என்று ஆளுக்கொரு முகம். நடுச்சுருளில் தெருப் பிள்ளைகளின் சண்டை வருகிறது. இரண்டு சிறுவர்கள் மயிரைப் பிடித்து மல்லுக்கட்டுகிறார்கள். ஒருவனின் தந்தை ஓடிவருகிறான். அவனே மற்றச் சிறுவனை உதைக்கிறான். அவன் மனைவி தன் பிள்ளையைத் தரதரவென்று இழுத்துப் போகிறாள். நான்கு நொடிகளையும் ஒரே வட்டத்துக்குள், அதே ஆட்களைத் திரும்ப வரைந்து காட்டியிருக்கிறார் ஓவியர். உதைபட்ட சிறுவனின் தகப்பன் தீ வைத்தவர்களைப் பார்த்திருந்தும் வாய் திறக்காதவன். ஆத்திரத்தில் உண்மையைக் கொட்டிவிட, அமைச்சர் நாடு கடத்தப்படுகிறார். இவ்வளவு முகங்களை வரைந்த ஓவியர், அந்த அமைச்சரை இட்டுச் செல்லும் கூண்டு வண்டியில் அவர் ஆடையை மட்டுமே காட்டுகிறார். குற்றவாளியே ஆனாலும் பெரிய மனிதர். முகம் மறைந்தே போகிறது.

முகம் காட்டுவது உயர்குடியினருக்கு எவ்வளவு கூச்சம் தந்தது என்பதற்குப் படத்துக்கு வெளியேயும் ஆதாரம் உண்டு. 1173இல் கியோட்டோவில் சைஷோகோ-இன் ஆலயத்துக்காக அரச ஊர்வலங்கள் வரையப்பட்டன. பொதுவான ஓவியப் பணி தோகிவா மிட்சுநாகாவுடையது. பான் டைனாகோன் சுருளையும் அவர் கை வேலை என்றே பலர் கருதுகிறார்கள். அவையினரின் முகங்களை மட்டும், ஆளை அப்படியே உரித்து வைப்பதில் பேர்பெற்ற ஃபுஜிவாரா தகநோபு வரைந்தார். அந்த ஊர்வலத்தில் தான் போகாததால் படத்தில் தன் முகம் இல்லை என்று நிம்மதி அடைந்ததை, பெரும் பிரபுவான குஜோ கனேசானே தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். முகம் வரையத் தெரிந்த ஓவியர் ஊரில் இருக்கிறார். தன் முகம் அவர் கையில் சிக்காமல் போனதே நல்லது என்கிறார் பிரபு. கெஞ்ஜி சுருளின் கோட்டுக் கண்களுக்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டியதில்லை.

போர் ஓவியங்களுக்கு வரும்போது இந்த வழக்கம் அசைவு காண்கிறது. 1160 ஜனவரியில் நடந்த ஹெய்ஜி கலகத்தை, 13ஆம் நூற்றாண்டில் பல சுருள்களாக வரைந்தார்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் சுருள், சான்ஜோ அரண்மனை மீது நடந்த இரவுத் தாக்குதலைச் சுமார் 7 மீட்டர் நீளத்தில் காட்டுகிறது. தறிகெட்டு ஓடும் கூண்டு வண்டிகள், செக்கச்செவேலென்று சுழன்றெழும் தீ, தப்பிக்கக் கிணற்றில் விழுந்து மாண்ட பெண்கள், வெட்டிய தலைகளை ஆயுத நுனியில் ஏந்திப் போகும் வீரர்கள். முகம் காட்டப்படுவதே அவமானம் என்று ஒதுங்கிய அவையினரின் உலகத்தில், எதிரியின் முகம் இப்போது வெற்றிக்கு அத்தாட்சியாக உயர்த்திப் பிடிக்கப்படுகிறது. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள மற்றொரு சுருளில், சிறைப்பட்ட பேரரசர் நிஜோ பெண் வேடமிட்டுக் கூண்டு வண்டியில் தப்புகிறார். வாயிற்காவல் வீரர்கள் வில் நுனியால் வண்டித் திரையை விலக்கிப் பார்க்கிறார்கள். ஓவியர்கள் அதுவரை கட்டிக்காத்த திரையை ஒரு படைவீரன் வில்லால் தூக்குகிறான். அதிகாரம் அவையிடமிருந்து வீரர்களுக்குக் கைமாறியதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன காட்சி அரிது.

அந்த மாற்றத்தின் மறுமுனையில் தகேசாகி சுஎனாகா நிற்கிறார். கியூஷுத் தீவின் ஹிகோ பகுதியைச் சேர்ந்த சிறிய வீரர். 1274இலும் 1281இலும் மங்கோலியப் படைகள் வந்தபோது போரிட்டவர். முதல் போரில் முன்னணியில் பாய்ந்தும் பரிசு கிடைக்காததால், 1275இல் வீரர் ஆட்சியின் தலைமையிடமான காமகுரா வரை சென்று, அதாச்சி யசுமோரி என்ற அதிகாரியிடம் முறையிட்டு நிலமும் குதிரையும் பெற்றார். அந்தக் கதையைத் தன் செலவில் சுருளாக வரைவித்தார். அதில் 1293 என்ற ஆண்டுக் குறிப்பு உண்டு. இன்று ஜப்பானிய அரச சேகரிப்புகள் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தச் சுருளில், அவர் குதிரை மேல் தடுமாறுகிறார். குதிரையின் உடலிலிருந்து ரத்தம் பீய்ச்சுகிறது. அருகில் வெடிகுண்டு வெடிக்கிறது. அவர் உருவத்தின் பக்கத்தில் அவர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. பார்த்த சாட்சி இருந்தால்தான் வீரனுக்குப் பரிசு என்பது அன்றைய நடைமுறை. கனேசானேவுக்கு முகம் தெரியாததில் நிம்மதி. சுஎனாகாவுக்கு முகம் தெரிவதுதான் வாழ்வாதாரம். இந்தச் சுருளில் பிற்காலக் கைகள் சில உருவங்களைச் சேர்த்திருக்கலாம் என்ற ஐயம் ஆய்வாளரிடையே உண்டு. வெடிகுண்டையும் அப்படிச் சந்தேகித்தார்கள். ஆனால் தகாஷிமா தீவருகே கடலடியில் மங்கோலியப் படையின் மண் குண்டுகளே கிடைத்த பிறகு, அப்படி ஓர் ஆயுதம் இருந்ததா என்ற கேள்விக்கு இடமில்லை.

இங்கே கனமான மறுப்பு ஒன்று எழலாம். இது வெறும் கால மாற்றம்தானே. காமகுரா காலத்தில் உள்ளதை உள்ளபடி வரையும் ரசனை வளர்ந்தது, பழைய கோட்டுக் கண் வழக்கொழிந்தது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். அப்படி நடந்திருந்தால் பின்னாளில் கெஞ்ஜிக்கு உயிர்ப்புள்ள முகம் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. 1509-10இல் தோசா மிட்சுநோபு கெஞ்ஜியின் 54 அத்தியாயங்களுக்கும் படம் வரைந்தார். இன்று ஹார்வர்டு கலை அருங்காட்சியகங்களில் இருக்கும் அந்தத் தொகுப்பிலும் அதே கோட்டுக் கண்தான். உயிரோடிருந்த மனிதர்களின் உருவப்படங்களையும் வரைந்தவர் மிட்சுநோபு. ஒரே கை, உருவப்படத்துக்கு ஒரு முகமும் அவைக்கதைக்கு வேறொரு முகமும் வரைந்தது. எனவே காலம் மட்டும் காரணமாக முடியாது. யாருக்காக, எதற்காக வரைகிறோம் என்பதே முகத்தை முடிவு செய்தது. வாசகர் தன்னையே பாத்திரத்தில் பொருத்திக்கொள்ள வெற்று முகம் உதவியது என்ற கருத்தும் உண்டு. அதில் உண்மை இருக்கலாம். ஆனால் தெருப் பிள்ளைக்கு அந்த வெற்று முகம் ஏன் தரப்படவில்லை என்பதை அது விளக்காது.

அந்தத் தெருப் பிள்ளையை நினைத்து நாம் அவசரமாக மகிழ்ந்துவிடவும் கூடாது. எளியவர்களுக்கு உயிருள்ள முகம் கிடைத்தது மரியாதையால் அல்ல. அவர்களைத் திரையின்றிப் பார்க்கலாம், அவர்கள் வாய் பிளப்பதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்ற மேட்டிமையால். இருந்தும் அந்த மேட்டிமையின் தயவில்தான் 12ஆம் நூற்றாண்டு கியோட்டோவின் சாதாரண மக்கள் எப்படிக் கோபப்பட்டார்கள், எப்படி ஓடினார்கள் என்பது நமக்குக் கிடைத்திருக்கிறது. மறைந்திருப்பதைப் பெருமையாகக் கொண்ட பிரபுக்களின் முகமோ அவர்களோடேயே போய்விட்டது. ஆகவே இந்தச் சுருள்களை அழகுக்காக மட்டும் பார்ப்பது பாதிப் பார்வைதான். ஒவ்வொரு காட்சியிலும் யாருக்கு முகம் இருக்கிறது, யாருக்கு இல்லை, அதனால் ஆதாயம் யாருக்கு என்று கேட்டுக்கொண்டே விரித்தால், அவைக்கதையும் கலகமும் படையெடுப்பும் தனித்தனிப் படங்களாக நிற்பதில்லை. ஒரு சமூகம் தன் அதிகாரத்தை யார் கண்ணுக்குக் காட்டியது, யாரிடமிருந்து மறைத்தது என்ற தொடர் வரலாறாக அவை படிக்கக் கிடைக்கின்றன.